வைஃபை ஸ்பீக்கரைச் செயலி கண்டுபிடிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

‘கருவி எதுவும் கிடைக்கவில்லை’ என்று செயலி காட்டியதும் பலருடைய கை ஸ்பீக்கரின் ரீசெட் பட்டனுக்குத்தான் போகிறது. அந்தப் பட்டனை இப்போதைக்குத் தொடவேண்டாம். பெரும்பாலான நேரம் ஸ்பீக்கரில் ஒரு குறையும் இருக்காது. ரீசெட் செய்தால் இருந்த இணைப்பும் போய்விடும். பிறகு முதலிலிருந்து செட்டப் செய்யப் போனால், அதுவும் அதே காரணத்தால் பாதியில் நிற்கும்.

ஸ்பீக்கர் வைஃபையில் இணைந்திருப்பது வேறு, செயலி அதைக் கண்டுபிடிப்பது வேறு. ஸ்பீக்கரின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்) செயலிக்குத் தெரியாது. அதனால் முற்றத்தில் நின்று ‘யார் வீட்டில் இருக்கிறீர்கள்?’ என்று கூப்பிடுவதுபோல, நெட்வொர்க் முழுவதற்கும் பொதுவாக ஒரு கேள்வியை அனுப்புகிறது. இதற்குப் பெயர் மல்ட்டிகாஸ்ட். கூகுள் காஸ்ட், ஏர்பிளே, ஸ்பொட்டிஃபை கனெக்ட் ஆகியவை எம்டிஎன்எஸ் என்ற தேடும் முறையில் 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353 என்ற போர்ட் எண்ணில் கூப்பிடுகின்றன. டெனன் ஹியோஸ், யமஹா மியூசிக்காஸ்ட், டிஎல்என்ஏ வகைகள் எஸ்எஸ்டிபி என்ற இன்னொரு முறையில் 239.255.255.250 முகவரிக்கு, 1900 என்ற போர்ட் எண்ணில் கூப்பிடுகின்றன.

இந்தக் கூப்பாட்டுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, வீட்டு ரவுட்டர் அதை ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொரு நெட்வொர்க்குக்குக் கடத்தாது. இரண்டு, வைஃபையில் சாதாரணத் தரவு தொலைந்தால் திரும்ப அனுப்பப்படும், ரவுட்டர் பரப்பும் மல்ட்டிகாஸ்ட் தொலைந்தால் தொலைந்ததுதான். யூடியூப் தடையில்லாமல் ஓடும் அதே வீட்டில் ஸ்பீக்கர் மட்டும் செயலியில் வராமல் போவது இதனால்தான்.

முதலில் ஐந்து நிமிடச் சோதனை

ஃபோனில் வைஃபை பெயரைத் தட்டி விவரங்களைத் திறந்தால் ஃபோனின் ஐபி முகவரியும் கேட்வே முகவரியும் இருக்கும். கேட்வே என்பது உங்கள் ரவுட்டர். ஃபைபர் இணைப்பு என்றால் பெரும்பாலும் 192.168.1.1, ஹுவாவே 4ஜி ரவுட்டர் என்றால் பெரும்பாலும் 192.168.8.1. அந்த எண்ணை பிரவுசரில் அடித்து, ரவுட்டரின் ஸ்டிக்கரில் உள்ள யூசர் நேம், பாஸ்வேர்டுடன் உள்ளே போங்கள். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் தேடுங்கள். ஸ்பீக்கரின் அடியில் ஒட்டியிருக்கும் மெக் அட்ரஸ் (கருவியின் அடையாள எண்) அந்தப் பட்டியலில் இருக்கிறதா?

பட்டியலில் இல்லையென்றால் ஸ்பீக்கர் வைஃபைக்கே வரவில்லை. கரண்ட் பற்றிய பகுதிக்கோ புதுச் செட்டப் பகுதிக்கோ போங்கள்.

இருக்கிறது, முகவரியின் முதல் மூன்று எண்களும் ஃபோனோடு ஒத்துப்போகின்றன (ஃபோன் 192.168.1.23, ஸ்பீக்கர் 192.168.1.37 என்பதுபோல) என்றால் ஸ்பீக்கர் சரியான இடத்தில்தான் நிற்கிறது. கூப்பாடு எங்கோ அடைபடுகிறது.

முதல் மூன்று எண்கள் ஒத்துப்போகவில்லை, அதாவது ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்குகிறது என்றால் வீட்டில் இரண்டு நெட்வொர்க்குகள் இருக்கின்றன. இரண்டாவது ரவுட்டர் ஒன்று இருந்தால் அதன் பட்டியலையும் பாருங்கள், ஸ்பீக்கர் அங்கே ஒளிந்திருக்கலாம்.

ரவுட்டருக்குள் போக முடியாதவர்கள் ஃபிங் செயலியால் நெட்வொர்க்கைத் தேடலாம். அதில் ஸ்பீக்கர் தெரிந்து, அதன் சொந்தச் செயலியில் மட்டும் தெரியாவிட்டால், விடை பெரும்பாலும் அடுத்த பகுதியிலேயே இருக்கிறது.

அறிகுறி: ஒரு ஃபோனில் மட்டும் தெரியவில்லை, வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிகிறது

ரவுட்டரைத் தொட வேண்டியதில்லை. பிழை அந்த ஃபோனில்.

ஐஃபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கைத் தேட ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி தேவை. முதல்முறை கேட்கும்போது அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டால் மீண்டும் கேட்காது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் லோக்கல் நெட்வொர்க். அங்கே செயலியின் பெயருக்கு எதிரே உள்ள சுவிட்ச் பச்சையாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தும் வேலை செய்யாவிட்டால், அதை அணைத்து, ஃபோனை ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் போடுங்கள். பட்டியலில் செயலியே இல்லையென்றால் அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுங்கள். மேக் கொம்பியூட்டரிலும் 2024இன் செக்கோயா பதிப்பிலிருந்து இதே அனுமதி உண்டு.

அண்ட்ரோய்டில் பதிப்பைப் பொறுத்து மாறும். 12ஆம் பதிப்பு வரை லொக்கேஷன் அனுமதியோடு ஃபோனின் லொக்கேஷனும் போட்டிருக்க வேண்டும். 2022இல் வந்த 13ஆம் பதிப்பு முதல் வைஃபைக்கும் ‘நியர்பை டிவைசஸ்’ என்ற அனுமதி உண்டு. பல செயலிகள் இன்னும் இரண்டையும் எதிர்பார்ப்பதால் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது விபிஎன், அதாவது ஃபோனின் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் செயலி. 2022 ஏப்ரலில் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது நம்மில் பலர் ஏதோ ஒரு இலவச விபிஎன்னைப் போட்டுக்கொண்டோம். அது இன்னும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். விளம்பரத் தடுப்புச் செயலிகளில் சிலவும் விபிஎன் வழியாகத்தான் வேலை செய்கின்றன. திரையின் மேலே சாவி அடையாளமோ விபிஎன் என்ற எழுத்தோ தெரிந்தால் அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

விண்டோஸ் கொம்பியூட்டரில் என்றால், வைஃபையின் விவரங்களில் நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ என்று இருக்கும். அதை ‘பிரைவேட்’ ஆக்குங்கள். விர்ச்சுவல்பொக்ஸ் போன்றவை உருவாக்கும் பொய் நெட்வொர்க் அடாப்டர்கள் இருந்தால் தற்காலிகமாக நிறுத்துங்கள். கூப்பாடு அந்தப் பக்கம் போய்விடுவது உண்டு.

அறிகுறி: எந்த ஃபோனிலும் தெரியவில்லை, ஆனால் ஸ்பொட்டிஃபையில் ஸ்பீக்கரின் பெயர் வருகிறது

இது மிகவும் பயனுள்ள தடயம். முன்பே உங்கள் கணக்கோடு இணைந்த ஸ்பீக்கரை ஸ்பொட்டிஃபை இணையம் வழியாகவும் பார்க்கும். ஃபோனின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பார்த்தும் பெயர் வந்தால், ஸ்பீக்கரும் அதன் இணைய இணைப்பும் நலமாக இருக்கின்றன. ஃபோனும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று மறைக்கப்பட்டிருக்கின்றன. கொழும்பு வீடுகளில் இது மூன்று விதமாக நடக்கிறது.

முதலாவது, கெஸ்ட் நெட்வொர்க். விருந்தினருக்கென்று தனிப் பெயரில் திறந்த வைஃபையில் ஸ்பீக்கரையோ ஃபோனையோ போட்டிருப்பீர்கள். அங்கே கருவிகள் இணையத்தை மட்டும் பார்க்கும், ஒன்றையொன்று பார்க்காது. இரண்டையும் பிரதான வைஃபைக்கு மாற்றினால் முடிந்தது.

இரண்டாவது, ஐசோலேஷன், அதாவது கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாமல் பிரிக்கும் வசதி. ரவுட்டரின் வைஃபை பக்கத்தில், பெரும்பாலும் அட்வான்ஸ்ட் பகுதியில், ஏபி ஐசோலேஷன், கிளையன்ட் ஐசோலேஷன், எஸ்எஸ்ஐடி ஐசோலேஷன் ஆகிய பெயர்களில் ஒன்று இருக்கும். 2.4 ஜிகாஹேர்ட்ஸுக்கும் 5 ஜிகாஹேர்ட்ஸுக்கும் தனித்தனியாக இருப்பதால் இரண்டு பக்கங்களிலும் அணைத்து, சேவ் செய்து, ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில ரவுட்டர்கள் இந்த இரண்டு அலைவரிசைகளுக்கு இடையிலேயே மல்ட்டிகாஸ்டைக் கடத்தாமல் விடுகின்றன. ஃபோனையும் 2.4க்கு மாற்றிப் பாருங்கள். உடனே ஸ்பீக்கர் தெரிந்தால் குறை அங்கேதான்.

மூன்றாவது, இரண்டு ரவுட்டர்கள். ஃபைபர் பெட்டி வாசலருகே, சிக்னல் அறைக்கு வரவில்லை, ஆகவே கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி உள்ளே வைத்தாயிற்று. கேபிளை அதன் வான் போர்ட்டில் (இணையம் உள்ளே வரும் துளை) குத்தியதும் அது தனக்கென ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்கிறது. ஸ்பீக்கர் ஹோலில் ஃபைபர் பெட்டியோடு, ஃபோன் அறையில் புது ரவுட்டரோடு. இரண்டிலும் இணையம் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தீர்வு, இரண்டாவது ரவுட்டரை, இருக்கும் நெட்வொர்க்கையே நீட்டித் தரும் வெறும் அக்சஸ் பொயின்ட் ஆக்குவது. செட்டிங்ஸில் ஒப்பரேஷன் மோட் இருந்தால் ‘அக்சஸ் பொயின்ட்’ என்பதைத் தெரிவுசெய்தால் போதும். இல்லாத பழைய மொடல் என்றால் கையால் செய்யலாம்:

1. இரண்டாவது ரவுட்டரைக் கொம்பியூட்டரோடு கேபிளில் இணைத்து, அதன் லான் (வீட்டு நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 ஆக மாற்றுங்கள். ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால் இது பொருந்தும். ஃபைபர் பெட்டி தானாக வழங்கும் முகவரி வரிசையில் 2 இருந்தால், அந்த வரிசையை 10இல் தொடங்கும்படி மாற்றுங்கள்.
2. அதன் டிஎச்சிபி சர்வரை, அதாவது தானாக முகவரி வழங்கும் வசதியை, அணையுங்கள். இதை மறந்தால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுத்துக் குழப்பம் கூடும்.
3. ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை வான் போர்ட்டிலிருந்து கழற்றி, லான் போர்ட் ஒன்றில் குத்துங்கள்.
4. ஃபோனின் வைஃபையை அணைத்துப் போடுங்கள், ஸ்பீக்கரின் கரண்டை எடுத்துப் போடுங்கள். இரண்டு முகவரிகளும் இப்போது 192.168.1 என்று தொடங்க வேண்டும்.

பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் பெட்டிகளுக்கும் இதே விதிதான். ஃபைபர் பெட்டியின் வைஃபையைத் தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் மெஷ்ஷை அக்சஸ் பொயின்ட் மோடில் வையுங்கள். மெஷ்ஷை மட்டும் பயன்படுத்துவதென்றால் ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டையும் அரைகுறையாக வைத்திருப்பதுதான் தொல்லை.

அனெக்ஸிலோ போர்டிங்கிலோ இருந்து வீட்டுக்காரரின் வைஃபையைப் பகிர்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். ஐசோலேஷனை அணைக்கும்படி கேட்பது சரியும் அல்ல, அது உங்கள் கருவிகளையும் அவர்களுக்குத் திறந்துவிடும். பிரவுசரில் லொகின் பக்கம் வரும் தொடர்மாடி வைஃபைகளில் ஸ்பீக்கர் இணையவே இணையாது. இங்கே இரண்டாவது நெட்வொர்க்தான் மருந்து. ‘விஸ்ப்’ மோட் உள்ள சிறிய ரவுட்டர் ஒன்று அந்த வைஃபையை வாங்கி, உங்கள் அறைக்குள் தனி வைஃபையாகத் தரும். லொகின் பக்கம் இருந்தால் அந்தச் சிறிய ரவுட்டர் வழியாக ஒருமுறை ஃபோனில் உள்நுழையுங்கள். ஃபோனும் ஸ்பீக்கரும் உங்கள் ரவுட்டரில் இருந்தால் ஒன்றையொன்று தாராளமாகப் பார்க்கும்.

அறிகுறி: ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தால் தெரிகிறது, ஐந்து நிமிடத்துக்குள் மறைகிறது

இந்த நேர அளவு தற்செயல் அல்ல. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி, மல்ட்டிகாஸ்டை எந்தக் கருவி கேட்டதோ அதற்கு மட்டும் அனுப்புகிறது. யார் யார் கேட்கிறார்கள் என்று நெட்வொர்க்கில் ஒரு பெட்டி 125 விநாடிக்கு ஒருமுறை விசாரிக்க வேண்டும். விசாரிக்க யாரும் இல்லாவிட்டால், வழமையான அளவான 260 விநாடி கழித்து ஸ்பீக்கரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. நாலரை நிமிடத்துக்குள் ஸ்பீக்கர் காணாமல் போகிறது.

உறுதிப்படுத்த இன்னொரு தடயம்: 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை ஸ்னூப்பிங் வடிகட்டக்கூடாது என்பது பொது விதி. ஆகவே கூகுள் காஸ்டும் ஏர்பிளேயும் தொடர்ந்து தெரிந்து, ஹியோஸ், மியூசிக்காஸ்ட், டிஎல்என்ஏ மட்டும் மறைந்தால், ஸ்னூப்பிங்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அணைக்க வேண்டியது இரண்டாவது ரவுட்டரிலும், மெஷ்ஷிலும், இடையில் சுவிட்ச் இருந்தால் அதிலும். டிபி-லிங்க் ரவுட்டர் பலவற்றில் இது ஐபிடிவி பக்கத்தில் இருக்கிறது. ஃபைபர் பெட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள், அதுவும் வீட்டில் பியோ ரீவி இருந்தால் கட்டாயம் வேண்டாம். அந்தத் தொலைக்காட்சிச் சேவை மல்ட்டிகாஸ்டில்தான் வருகிறது. அங்கே ஸ்னூப்பிங்கை அணைத்தால் ஓடிக்கொண்டிருக்கும் சனலின் முழுத் தரவும் வைஃபையில் கொட்டி, வீட்டில் எல்லாம் நின்றுபோகும்.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு ஸ்பீக்கர் இல்லை

கரண்ட் வந்ததும் ஸ்பீக்கர் சீக்கிரம் எழும்பிவிடும். ஃபைபர் பெட்டி முழுதாக எழும்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். முகவரி கொடுக்க யாரும் இல்லாததால் ஸ்பீக்கர் தானாகவே 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றை எடுத்துக்கொள்ளும், அல்லது வைஃபையைத் தேடுவதையே கைவிடும். ரவுட்டரின் விளக்குகள் நிலையாகி, ஃபோனில் இணையம் வந்த பிறகு ஸ்பீக்கரின் பிளக்கை 30 விநாடி கழற்றிக் குத்துங்கள். அவ்வளவுதான்.

அடிக்கடி நடந்தால் இரண்டு வேலை செய்து வையுங்கள். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் ஸ்பீக்கரின் மெக் அட்ரஸுக்கு 192.168.1.50 போன்ற ஒரு முகவரியை ஒதுக்குங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கும், சோதிப்பதும் சுலபம். மற்றது, ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ். யுனிட்டி பிளாசா பக்கம் போனால் கிடைக்கும். வாங்க முன் ரவுட்டர் அடாப்டரின் ஸ்டிக்கரில் உள்ள வோல்ட்டையும் அம்பியரையும் குறித்துக்கொண்டு போங்கள். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், அம்பியர் குறையக்கூடாது. பின்னின் அளவையும் பாருங்கள். இரண்டு பெட்டிகள் இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். ஸ்பீக்கருக்குத் தேவையில்லை, அது எழும்பும்போது ரவுட்டர் தயாராக இருந்தால் போதும்.

அறிகுறி: புது ஸ்பீக்கர் முதல் செட்டப்பிலேயே நிற்கிறது

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஸ்பீக்கர் என்றால், குத்துவதற்கு முன் அடாப்டரைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பிளக் மாற்றி போதும். கனடா, அமெரிக்கப் பொருளில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரே குத்தக்கூடாது, எரிந்துவிடும். அந்த நாடுகளுக்கான கருவிகளில் இன்னொரு மறைவான சிக்கலும் உண்டு: அவை பெரும்பாலும் 2.4 ஜிகாஹேர்ட்ஸில் 1 முதல் 11 வரையான சனல்களை மட்டுமே பார்க்கும். உங்கள் ரவுட்டர் தானாக 12ஐயோ 13ஐயோ தெரிவு செய்திருந்தால், ஸ்பீக்கருக்கு உங்கள் வைஃபை இருப்பதே தெரியாது. ரவுட்டரில் சனலை ஓட்டோவிலிருந்து எடுத்து 1, 6, 11 ஒன்றில் நிறுத்துங்கள்.

எல்லா ஸ்பீக்கருக்கும் பொதுவானவை: பல மொடல்கள் 2.4இல் மட்டுமே வேலை செய்யும், ஆகவே செட்டப் முடியும் வரை 5 ஜிகாஹேர்ட்ஸை அணைத்து வையுங்கள். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய ஸ்பீக்கர் இணையாது, டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் ஆக்குங்கள். வைஃபை பெயரில் தமிழ் எழுத்தோ எமோஜியோ இருந்தால் சில ஸ்பீக்கர்கள் தடுமாறும். மெக் வடிகட்டல் (பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும் அனுமதிப்பது) போட்டிருந்தால் ஸ்பீக்கரின் மெக் அட்ரஸைச் சேருங்கள். செட்டப்பின் நடுவே ஃபோன் ஸ்பீக்கரின் தற்காலிக வைஃபைக்கு மாறும்போது ‘இணையம் இல்லை’ என்று சொல்லி மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அந்த ஐந்து நிமிடமும் மொபைல் டேட்டாவை அணைத்து வைப்பது நல்லது.

பெட்டியில் வைஃபை அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கையில் தூக்கிச் செல்லும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை புளூடூத் மட்டுமே. அவற்றை நெட்வொர்க்கில் தேடிப் பயனில்லை.

அறிகுறி: சில நேரம் தெரிகிறது, சில நேரம் இல்லை

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் வைஃபை அனலைசர் ஒன்றைத் திறந்தால் பக்கத்து வீடுகளின் பெயர்கள் நிரம்பி வழியும். அந்த நெரிசலில் முதலில் தொலைவது மல்ட்டிகாஸ்ட்தான். 1, 6, 11 மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதில் நிறுத்தி, சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸ் ஆக்குங்கள். ஃபைபர் பெட்டியை இரும்பு அலுமாரிக்குள்ளோ ரீவிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) அளவில் இருந்தால் நல்லது, மைனஸ் 75க்குக் கீழே போனால் நம்ப முடியாது. மல்ட்டிகாஸ்டை யூனிகாஸ்டாக (ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக அனுப்புவது) மாற்றும் வசதி ரவுட்டரில் இருந்தால் போடுங்கள்; தொலைந்த கூப்பாடு அப்போது திரும்ப அனுப்பப்படும்.

ஸ்பீக்கரில் லான் துளை இருந்தால் கேபிள் இழுப்பதே நிரந்தரத் தீர்வுக்கு மிக அருகில் வரும். ஃபோன் இன்னும் வைஃபையில் இருப்பதால் பாதி வழி மட்டுமே உறுதியாகிறது என்றாலும், வித்தியாசம் உடனே தெரியும்.

ஒன்றுமே பொருந்தவில்லை என்றால்

செயலியே மாறியிருக்கலாம். சோனோஸ் 2020இல் எஸ்1, எஸ்2 என்று பிரிந்தது. முதல் தலைமுறை பிளே:5 போன்ற பழையவை எஸ்1 செயலியில் மட்டுமே தெரியும். தவறு தயாரிப்பாளர் பக்கமும் இருக்கலாம். 2025 மார்ச் 9 அன்று இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் குரோம்காஸ்ட் ஓடியோவும் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் நின்றன. காலாவதியான ஒரு சான்றிதழ்தான் காரணம். ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே கேட்டுக்கொண்டது. பொறுத்திருந்தவர்களுக்குச் சில நாட்களில் தானாகச் சரியானது, ரீசெட் செய்தவர்கள் மீண்டும் செட்டப் செய்ய முடியாமல் சிரமப்பட்டார்கள்.

ஃபைபர் பெட்டியின் அட்வான்ஸ்ட் பக்கங்கள் உங்களுக்குப் பூட்டப்பட்டிருந்தால் சேவை நிலையத்தை அழையுங்கள்: எஸ்.எல்.ரி. என்றால் 1212, டயலொக் என்றால் 1777. ‘ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை’ என்று சொன்னால் இணைய வேகத்தைச் சோதித்துவிட்டு வைத்துவிடுவார்கள். ‘இணையம் சரி, ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவில்லை, இரண்டு அலைவரிசையிலும் ஐசோலேஷன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்’ என்று சொல்லுங்கள். ஃபோனின் முகவரி, ஸ்பீக்கரின் முகவரி, பெட்டியின் மொடல் எண் மூன்றையும் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.